காட்டேரிக் கதையும் அம்மாவின் கேள்வியும்

தெமோதரையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில் இன்று எல்லாரும் பேசுகிற அந்தக் காட்டேரி நாவல் தொடரின் முதல் பாகத்தைத் தொடங்கினேன். ஐம்பது பக்கத்துக்குள் கதாநாயகனின் வெளிறிய தோலை ஏழு தடவை வர்ணித்துவிட்டார்கள். எரிச்சலாக இருந்தது.

பக்கத்தில் அம்மா. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

"என்னா கதை?"

"ரத்தம் குடிக்கிற பையன ஒரு புள்ள விரும்புதும்மா."

அம்மா யோசித்தார். "அட்டைன்னா கால்ல சவுக்காரம் பூசிக்கலாம். இவன் குடிச்சிட்டா அந்தப் புள்ள மறுநாளு எப்படி மலை ஏறும்?"

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை. அவர் வர்ணிக்கவில்லை, உடனே வார்டில் சேர்க்கச் சொன்னார். ரத்தம் ஏற்ற வேண்டுமாம். நான் கையை நீட்டினேன். சோதித்துவிட்டு, உனக்கே ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

வார்டிலிருந்து நான் கிளம்பும்போது அம்மா கேட்டார்: "அந்தப் புள்ள பொழச்சிக்கிச்சா?"

வழக்கமாக யாராவது முடிவைச் சொன்னால் சண்டைக்கு வருவேன். இந்தத் தடவை, முழுத் தொடரையும் படித்தவர்கள் கீழே கருத்தில் சொல்லிவிடுங்கள். நாளை அம்மாவைப் பார்க்கப் போகும்போது பதில் வேண்டும்.

அவள் செத்துப்போகிறாள் என்றால் மட்டும் ஒன்றும் எழுதாதீர்கள்.