தறிக்குழிக்கு யார் கால் அளவு?

தெய்வநாயகி நாலடி ஒன்பது அங்குலம். இதை வெளியே சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வரட்டும், சொல்லாமல் விட முடியாது. நாத்தனார் சிபாரிசு செய்த பழைய வீட்டை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பொட்டல்வெளியில் அவள் புது வீடு கட்டியதற்குக் காரணமே அந்த உயரம்தான்.

முள்ளிப்பட்டில் பிறந்தவள். எண்பத்தேழில் ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள், வந்த மறுமாசமே தறியில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் வேணுகோபாலும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பத்து நிமிஷம் தறியில் உட்கார்ந்தால் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடா எந்தப் பக்கம் போகிறது என்பதே அவனுக்கு மறந்துபோகும். ரைஸ் மில்லில் மெஷின் பார்க்கிற வேலைக்குப் போனான், அதில் கெட்டிக்காரன். ஆளும் ஆறடிக்கு ஒரு விரற்கடைதான் குறைவு. கல்யாண போட்டோவில் இவளை முக்காலி மேல் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். முக்காலி இல்லை, செங்கல். அதை விடுங்கள்.

ஆரணிப் பட்டு குழித்தறியில் நெய்வது. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிப்பலகையை மிதிக்க வேண்டும். மிதிக்காத நேரத்தில் பாதம் குழியின் தரையில் பதிந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் நெய்கிறவர் காலை அளந்து குழி எடுப்பார்கள். தெய்வநாயகி பன்னிரண்டு வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறினாள். நாலு வீட்டிலும் குழி இருந்தது, நாலும் எவரோ நெட்டைக் கால் ஆம்பளைக்கு எடுத்த குழி. இவள் பாதம் தரைக்கு எட்டவே எட்டாது. செங்கல் அடுக்கிப் பார்த்தாள், மிதிக்கிற வேகத்தில் செங்கல் நகர்ந்துவிடும். குழியை மேடாக்கிக்கொள்கிறேன் என்றால் வீட்டுக்காரர்கள், "அடுத்து வர்றவன் இன்னா பண்ணுவான்?" என்றார்கள். காலைத் தொங்கப் போட்டபடியே, பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி மடிப்புகூடப் பிரிக்காமல் வாங்கி வைக்கிற மாதிரி சேலை நெய்தாள். சாயங்காலம் எழுந்தால் தொடை மரத்துப்போயிருக்கும், முட்டி வீங்கியிருக்கும்.

"இப்படியே போனா ரெண்டு வருஷத்துல தறியை மறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

"தறியை ஏன் டாக்டர் மறக்கணும்? குழியை மாத்திட்டா போச்சு" என்றாள் இவள். அன்றைக்கே மனசுக்குள் வீடு கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் சொந்த வீடு என்ற பேச்சு எழுந்ததும், வேணுகோபாலின் அக்கா அபிதகுசாம்பாள் ஓடி வந்தாள். அவள் தெருவிலேயே சுப்பராயலு என்ற பெரியவர் வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார். தேக்குத் தூண், தண்ணீர் வற்றாத கிணறு, காற்றோட்டம். "தறிக்குழி கூட ரெடியா கீது தெய்வா. போய் உக்காந்தா சேலைதான். இதை விட்டுட்டு காட்டுல போய் கல்லும் மண்ணும் சொமக்கணும்னு உனக்கு இன்னா தலையெழுத்து?"

வீடு பார்க்க மூன்று பேரும் போனார்கள். அபிதகுசாம்பாள் தூணைத் தட்டிக் காட்டினாள். வேணுகோபால் கிணற்றை எட்டிப் பார்த்தான். தெய்வநாயகி நேராகத் தறிக்குழிக்குப் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். வீடு பார்க்க வந்தவள் குழிக்குள் நிற்பதைப் பார்த்து சுப்பராயலுவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

குழிச் சுவரில் புதுசாய் சிமெண்டு பூசியிருந்தது. மற்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருக்க, குழிக்கு மட்டும் என்ன புதுப் பூச்சு? மிதிப்பலகையின் அடியை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். மரம் வெள்ளை பூத்து, மாவாய் உதிர்ந்தது.

"ஐயா, மழைக்காலத்துல இதுல எவ்ளோ தண்ணி நிக்கும்?"

"தண்ணின்னு சொல்ல முடியாதும்மா" என்று இழுத்தார் பெரியவர். நல்ல மனுஷர், பொய் சொல்ல வாய் வரவில்லை. "லேசா ஊறும். ரெண்டு நாள் மொண்டு ஊத்துனா அடங்கிடும்."

"அதான பார்த்தேன். உள்ள வரும்போதே படி ஏறல, ரெண்டு படி எறங்கி வந்தோம்."

வாஸ்தவம். தெருவுக்கு வருஷா வருஷம் மண்ணடித்து, ஜல்லி கொட்டி, தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளத்தில் நின்றுவிட்டது. அபிதகுசாம்பாள் விடவில்லை. "ஊறினா இன்னா? குழியை ரொப்பி மேடாக்கு. உன் காலுக்கும் எட்டும், ஈரமும் நிக்காது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"குழியை ரொப்பலாம் அண்ணி. தெருவை யார் தோண்டுறது?" என்றாள் தெய்வநாயகி. "அந்த ஈரத்துல ஜரிகை கறுத்துப்போச்சுன்னா, முதலாளிகிட்ட நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

அபிதகுசாம்பாளுக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. வேணுகோபால் தெருமுனை வரை அந்த வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து, "தேக்குத் தூணுடி அது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "தூணை மிதிச்சா சேலை வருமா?" என்று கேட்டுவிட்டு அவள் தறிக்குப் போய்விட்டாள்.

முள்ளிப்பட்டுக்குப் போகிற பாதையில் புதிதாய்ப் பிரித்த மனைகளில் ஒன்றை வாங்கினார்கள். சுற்றிலும் வேலிக்காத்தான் முள், நடுவில் இவர்கள் மனை. வீடு கட்ட வந்த மேஸ்திரி சந்தவாசல்காரர். பெயர்தான் சின்னப்பையன், வயசு அறுபத்திரண்டு. வேலை சுத்தம், ஆனால் தான் நினைத்ததுதான் சரி என்கிற ஆள். கடைக்கால் மட்டத்தைப் பாதையை விட மூணரை அடி தூக்கச் சொன்னதும், "வூடு கட்றீங்களா, நாடகம் போட மேடை கட்றீங்களா?" என்று கேட்டார்.

"அவங்க எத்தினி தார் வேணா போட்டுக்கட்டும் மேஸ்திரி. என் வாசல்ல நான் படி ஏறித்தான் வரணும்."

அந்த மாசம் அவள் தறியில் ஒரு கல்யாணச் சேலை ஓடிக்கொண்டிருந்தது, முகூர்த்தத்துக்கு முன்னால் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அதனால் புருஷனிடம் நூறு தடவை சொல்லி அனுப்பினாள். "குழி எடுக்கிற அன்னிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து காலைக் காட்டணும்."

நடந்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணுகோபால் சும்மா வேலையைப் பார்த்துவிட்டு வரப் போனான். சின்னப்பையன் மேஸ்திரி, "வாங்க தறிக்காரரே, நல்ல நேரத்துல வந்தீங்க. இப்படி உக்காந்து காலைத் தொங்கப் போடுங்க, அளவு எடுத்துக்கறேன்" என்றார். சுற்றிலும் நாலைந்து வேலையாட்கள். வேணுகோபால் வாயைத் திறந்தான். பெண்டாட்டி நெய்கிறாள், நான் நெய்வதில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டான். மேஸ்திரி ஒரு மூங்கில் குச்சியை அவன் முட்டியிலிருந்து பாதம்வரை வைத்து, சரியாக ஒடித்து எடுத்துக்கொண்டார்.

சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு புதன்கிழமை தெய்வநாயகி புது வீட்டுக்குப் போனாள். அஞ்சு படி. ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மெதுவாக ஏறினாள், அவ்வளவு சந்தோஷம். உள்ளே குழி வெட்டி, கல் கட்டி, சிமெண்டு பூசி, வழவழவென்று காய்ந்திருந்தது. விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள்.

பாதம் தரையைத் தொடவில்லை. அரைச் சாண் உயரத்தில் தொங்கியது.

நம்ப முடியாமல் இன்னும் நுனிக்கு நகர்ந்து பார்த்தாள், கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக எந்தக் குழியிலிருந்து தப்பிக்க இந்த வீட்டைக் கட்டினாளோ, அதே குழி அவள் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"யார் காலுக்கு எடுத்தீங்க மேஸ்திரி?"

"தறிக்காரர் காலுக்குத்தாம்மா."

"எந்தத் தறிக்காரர்?"

மேஸ்திரி கையை நீட்டினார். கூட வந்திருந்த வேணுகோபால் ஜன்னல் கம்பிகளை முதல் தடவையாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழி ஆழமானது கூடப் பெரிசில்லை, இத்தனை வருஷம் தன் கால் வீங்க நெய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல இவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறதே என்பதுதான் அவளைச் சுட்டது. கத்தத் தெரியாதவள் இல்லை. ஆனால் கத்தவில்லை. மூலையில் கிடந்த மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் வைத்தாள்.

"உங்க அளவுதானே? நீங்க உக்காந்து நெய்யுங்க. நாளையிலிருந்து மில்லுக்கு நான் போறேன்."

அஞ்சு படியையும் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் சோறு நேரத்துக்குக் கிடைத்தது, பேச்சுதான் கிடைக்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கட்டுமா என்று கேட்டால், "தறிக்காரரைக் கேளுங்க" என்றாள். குழம்புக்கு உப்பு போதுமா என்றாலும் "தறிக்காரரைக் கேளுங்க." நாலு நாளில் மனுஷன் பேஜாராகிப்போனான்.

அடுத்த ஞாயிறு காலையில், "தெய்வா, ஒரு நடை வந்துட்டுப் போ" என்று கெஞ்சிக் கூட்டிப் போனான். மேஸ்திரியும் ஆட்களும் இருந்தார்கள். அபிதகுசாம்பாளையும் அவனே வரச் சொல்லியிருந்தான். அக்கா இருக்கும்போது சொன்னால்தான் சொன்ன மாதிரி என்று நினைத்தானோ என்னவோ.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் தப்பு பண்ணிட்டேன்" என்றான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. காது மடல் சிவந்திருந்தது. "நான் தறிக்காரன் இல்ல. இந்த வூட்டுல தறிக்காரர் இவங்கதான். நான் உக்காந்தா நாடா எந்தப் பக்கம் போவுதுன்னே எனக்குத் தெரியாது. நீங்க கேட்டப்ப சொல்ல வெக்கப்பட்டுகினு சும்மா இருந்துட்டேன்."

வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். அபிதகுசாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டு, "அடக் கடவுளே, நானாவது கேட்டிருக்கணும். உக்காருங்கம்மா, ஜல்தியா முடிச்சுடலாம்" என்று குச்சியோடு வந்தார்.

"குடுங்க, நான் அளக்கறேன்" என்றான் வேணுகோபால்.

அந்த நெட்டை மனுஷன் குழிக்குள் இறங்கி மண்டி போட்டான். அவள் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வீங்கிய முட்டியில் குச்சியின் ஒரு முனையை வைத்துப் பாதம்வரை அளந்தான். குச்சி நகராமல் இருக்க, மற்றக் கையால் அவள் பாதத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நாலு நாளாகக் கட்டி வைத்திருந்த கோபம் அங்கேயே கரைந்துபோனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"இன்னும் அரை விரல் கொறைங்க. எனக்கு முட்டி நல்லா மடங்கணும்."

குறைத்தான். மேஸ்திரி செங்கல் பரப்பி, சாந்து போட்டு, குழியை மேடாக்கினார். கிரகப்பிரவேசத்தன்று பால் பொங்கியதும் அவள் முதலில் போய் உட்கார்ந்தது அந்த விளிம்பில்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. "சில்லுன்னு கீது" என்றாள், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் பாதைக்கு மூன்று தடவை தார் போட்டார்கள். வேலிக்காத்தான் போய் வீடுகள் வந்தன. அஞ்சு படியில் இப்போது மூன்று தெரிகிறது, ஆனாலும் ஏறித்தான் போக வேண்டும். முட்டி வீக்கம் வற்றி வருஷங்கள் ஆகின்றன. சின்னப்பையன் மேஸ்திரி எந்த வீட்டில் குழி எடுத்தாலும், "யார் காலுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் குச்சியைத் தொட்டார்.

இரண்டாயிரத்து எட்டில், அரசாங்கம் கொடுக்கிற நெசவாளர் அட்டைக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தார். வேணுகோபால் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். வந்தவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "நீங்கதானே தறிக்காரர்? பேரைச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது.

"நான் இல்ல சார், தறிக்காரர் உள்ள இருக்காங்க" என்றான் வேணுகோபால். "படி ஏறிப் போங்க. நெய்துகினு இருக்காங்க, கொஞ்சம் நின்னுதான் பேசணும்."

தெய்வநாயகி பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு, அடுத்த மிதியை மிதித்தாள்.