காதில் சொன்ன அளவு

"…அத்தை அளவ மட்டும் காதோட காதா சொல்றீங்க, என் அளவ பஸ் ஸ்டாண்டுக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டீங்களேக்கா" என்றாள் அந்தப் பிள்ளை.

அப்புத்தளை டவுனில் எனக்குத் தையல் கடை. தையலில் பிழை சொன்னவர்கள் நிறைய. என் வாயில் பிழை சொன்னவள் அவள்தான்.

அளவு எடுப்பது நான். கட்டிங் மேசையில் இருந்து எழுதுவது என் தங்கை. பெருத்தவர்கள் வந்தால் தங்கை காதருகே போய்ச் சொல்வேன். மெலிந்தவர்கள் வந்தால் நின்ற இடத்திலிருந்தே கூவுவேன், கூடவே ஒரு கேலி. மெலிந்தவர்களுக்கு மனசு நோகாது என்று எனக்கு யார் சொன்னார்களோ. என் உடம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. "அக்கா கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க" என்று துணிக்கடை முஸ்லிம் நானா அன்பாகத்தான் ஒருநாள் சொன்னார். அதன் பிறகு நூல்கண்டு வாங்கக்கூட அவர் கடைக்குப் போகாமல் அடுத்த டவுன் பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன்.

அன்று அவள் வருங்கால மாமியாரோடு கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற பிள்ளை. டேப்பைச் சுற்றிவிட்டு, "இருபத்தெட்டு. காத்தடிக்கிற நாள்ல கொழுந்துக் கூடைதான் இவளப் புடிச்சு வச்சிருக்கும் போல" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ஒடம்புக்கு ஏதும் சீக்கா? இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

அவள் முகம் செத்துப்போனது. ஜாக்கெட் தைக்க வந்த இடத்தில் கல்யாணத்தையே பிரித்துப் போட்டேனோ என்று எனக்குப் பட்டது. பேச்சை மாற்ற, அவசரமாக மாமியாருக்கு அளவெடுத்தேன். அவர் நல்ல பெருத்த பாரி உடம்பு. பழக்கதோஷம், தங்கையிடம் போய்க் குசுகுசுத்தேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை அந்த 'அத்தை அளவ மட்டும்' கேள்வியைக் கேட்டாள்.

மாமியார் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு குலுங்கிச் சிரித்தார். "இந்த வாய் பேசுறவளுக்கு என்னா சீக்கு இருக்கப் போவுது. நீ தைம்மா."

அவள் விடவில்லை. என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, "கையத் தூக்குங்கக்கா" என்றாள். தூக்கினேன். ஊருக்கே கேட்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் காதருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எவ்வளவாம்?" என்று மாமியார் எட்டிப் பார்த்தார்.

அவள் டேப்பைச் சுருட்டி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.