மஞ்சள் கார் பறந்த வளைவு

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஊரில் யார் எலும்பு எங்கே விட்டுப்போனது என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். சனி, ஞாயிறு வந்துவிட்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊருக்கு வெளியே ஒரு ஏரி, அதன் பின்னால் மலை, மலையைச் சுற்றிப் போகும் சாலை, அந்தச் சாலைக்கு வந்து நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள். இவ்வளவுதான் அவருடைய உலகம். வருஷக்கணக்காக இதே ஏரி, இதே மலை. "மலை என்ன போன வாரத்தைவிட வளர்ந்துடுச்சா?" என்று கேட்டால், "வெளிச்சம் வேற" என்பார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

நான் வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். வாரம் பூராவும் நாலு சுவருக்குள் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே கிடக்க எனக்கென்ன தலையெழுத்தா? அதனால் நானும் கூடவே போக ஆரம்பித்தேன். ஸ்கூட்டரை ஓட்டுவது நான். அவர் பின்னால் கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

ஏரி முழுசாகத் தெரிகிற ஒரு வளைவில்தான் கார்க்காரர்கள் கூடுவார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. வண்டியின் நிறம்தான் அடையாளம். வாய் நிறையச் சிரிப்போடு வருகிறவர் மஞ்சள்காரர். அவரோடு எதற்கெடுத்தாலும் போட்டிக்கு நிற்பவர் சிவப்புக்காரர். என் வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியையும் சுற்றிச் சுற்றி வருவார். தொடமாட்டார். "இந்தக் கோட்டப் பாருங்க, கதவுல ஆரம்பிச்சு எப்படி வழுக்கிக்கிட்டுப் போயி சக்கரத்து மேல எறங்குது!" என்பார். என்னிடம் எண்ணி எண்ணிப் பேசுகிற மனுஷன் அங்கே மடை திறந்த மாதிரி பேசுவார். படம் எடுக்கும்போது பழக்கதோஷத்தில் காரின் பக்கத்தில் நிற்பவரிடம், "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிடுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கார்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள். பட்டேன், உண்மைதான்.

ஒரு நாள் மஞ்சள்காரர், "சார், நின்னுக்கிட்டே எத்தனை படம் எடுக்கறது? இந்த வளைவுல வண்டி பறக்கற மாதிரி ஒண்ணு எடுங்க. நான் வேகமா வரேன்" என்றார்.

இவர் முகம் சுண்டிப்போனது. அதே வளைவில் பைக்கில் வந்து சறுக்கி விழுந்த ஒருவரை இவர் எக்ஸ்ரே மேஜையில் படுக்கவைத்திருக்கிறார். அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று ராத்திரி இவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"பறக்கற மாதிரிதானே வேணும்? சைக்கிள் வேகத்துல வாங்க, போதும்" என்றார்.

மஞ்சள்காரர் அப்படியே உருட்டிக்கொண்டு வந்தார். இவர் படம் பதிகிற நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, கார் போகிற போக்கிலேயே கேமராவையும் திருப்பினார். படத்தில் கார் பளிச்சென்று இருந்தது. பின்னால் மரமெல்லாம் பச்சைக் கோடாக இழுபட்டுக் கிடந்தது. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதாகச் சத்தியம் செய்யலாம். மஞ்சள்காரர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது அந்தப் படம் எல்லார் போனிலும் இருந்தது. என்ன வேகம் என்று கேட்டவர்களிடம் மஞ்சள்காரர் நூற்று நாற்பது என்று அளந்து விட்டிருக்கிறார். சிவப்புக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இவரு நூத்தி நாப்பதுல திரும்பினா நான் நூத்தி அறுபதுல திரும்பறேன். சார், அடுத்த வாரம் கேமராவோட ரெடியா நில்லுங்க."

இவர் மஞ்சள்காரரைப் பார்த்தார். மஞ்சள்காரர் ஏரியைப் பார்த்தார். அப்புறம் இவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "சொல்லிடாதீங்க சார், மானம் போயிடும். அவரு சும்மா வாய்ச்சவடால்தான்" என்றார்.

அந்த வாரம் முழுக்க இவர் பித்துப் பிடித்த மாதிரி இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களா நூத்தி நாப்பதுன்னு சொன்னீங்க? இதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கத்தினேன்.

"சொன்னது அவரு. நம்ப வச்சது என் படம்."

"சொல்லிட்டுதான் வாங்களேன்!"

"சொன்னா அங்க ஒருத்தரும் என்கிட்ட பேசமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வண்டி வளைவுக்கு அந்தப்பக்கம் உறுமிக்கொண்டு நின்றது. மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார்கள். இவர் சிவப்புக்காரரிடம் போய், "ஒரே ஒரு நிமிஷம். வண்டிய விட்டு எறங்கி வாங்க" என்றார். பிறகு என்னிடம், "நீ ஸ்கூட்டர இந்த வளைவுல ஓட்டிட்டு வா. மெதுவா" என்றார்.

எதற்கென்று புரியாமலே ஓட்டினேன். ஒரு நாய் என்னை முந்திக்கொண்டு போனது. அவ்வளவு வேகம். இவர் கேமராவைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். நான் பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறவள் மாதிரி பறந்துகொண்டிருந்தேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். சிவப்புக்காரரின் சிரிப்புதான் முதலில் நின்றது.

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கும் இப்படித்தான். நான்தான் மெதுவா வரச் சொன்னேன்" என்றார் இவர்.

சிவப்புக்காரர் போய் இன்ஜினை அணைத்தார். யாரோ மஞ்சள்காரரின் முதுகில் தட்டி, "நூத்தி நாப்பது!" என்றார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்கள நம்பினேனே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். போகிறேன் என்றுகூட இவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு ஒரு காரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இப்போதெல்லாம் வேறு எங்கோ கூடுகிறார்களாம். இவர் ஏரியை நாலு படம் எடுப்பார். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டால் சட்டென்று திரும்புவார். வருவது காய்கறி லாரியாக இருக்கும்.

நேற்று அந்த வளைவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. "யாருக்கோ நல்லது பண்ணப் போயி, இருந்த ஒரு சந்தோஷத்தையும் தொலைச்சிட்டு நிக்கறீங்களே!" என்றேன்.

"தொலையலம்மா. வேற எங்கயோ நிக்குது. ஆளும் முழுசா, வண்டியும் முழுசா."

சாலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேமராவைப் பையில் வைத்தார். கிளம்பலாம் என்று எழுந்தவரை, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்காரவைத்தேன். யாராவது வந்தாலும் வரலாம்.