அரிப்பு எனக்கு, கேள்வி அம்மாவுக்கு

என் தோலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் விருத்தாசலத்தில் இருந்திருந்தால், அவரை நான் சந்தித்ததில்லை. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எனக்குக் கரப்பான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொல்வார். அவர் இறங்கியதும் அந்த இடத்தில் வந்து உட்காருபவர், குப்பைமேனியா, ஐயோ வேண்டவே வேண்டாம் என்பார். சொல்லி முடித்ததும் எல்லோரும் அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார்கள், என்னமோ அவள்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தது போல.

அந்தப் பார்வையில் அப்பாவின் அக்காவை, அதாவது எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தையை, மிஞ்ச ஆளில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, கத்தரிக்காய், கருவாடு மூன்றையும் எனக்கு நிறுத்தினாள். பெற்றவளும் பத்தியம் இருந்தால்தான் பிள்ளைக்குக் கேட்கும் என்று அம்மாவுக்கும் நிறுத்தினாள். அது கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள் இருக்கிற பத்தியம். எனக்கோ எட்டு வயது. அம்மா பீங்கான் கம்பெனியில், சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மைகளை ஈரத்துணியால் துடைத்து வழவழப்பாக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புடவையில் ஒட்டி வருகிற மண்தூசிதான் காரணம் என்று அத்தை கண்டுபிடித்தாள். அம்மாவின் வேலை போயிற்று. கரப்பான் போகவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். நான் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான்.

"நான் அம்மாகிட்டதாங்க கேக்கணும். இந்த மாதிரி புள்ளைங்கள வளக்கறவங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கறோம். மாசம் ஒருநாள் அவங்கல்லாம் ஒண்ணா உக்காந்து பேச ஒரு கூட்டம் வைக்கப்போறோம். இவங்க சொல்ற பதில வச்சுதான் கூப்பிடுவோம்" என்றாள்.

அரிப்பு எனக்கு, கேள்வி அம்மாவுக்கா? எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

நன்றாகத் தூங்குகிறீர்களா என்பது முதல் கேள்வி. "அவளுக்கென்ன, படுத்தா அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குவா" என்றாள் அத்தை. கல்யாணம் காட்சிக்குப் போவதுண்டா என்று கேட்டதற்கு, "புள்ளைய இப்படி வச்சிக்கிட்டு எங்க போறது?" என்று அதே அத்தை. மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா? "நாந்தான் இருக்கேனே!"

"அவங்க சொல்லட்டுங்க" என்றாள் அந்தப் பெண். அத்தைக்கு முகம் கடுத்துவிட்டது. "வந்தவங்களுக்கு ஒரு டீ போடாம என்னா கத கேட்டுக்கினு இருக்க?" என்று அம்மாவை அடுப்படிக்கு விரட்டினாள்.

அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. படிவத்தோடு அடுப்படிக்கே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

"எப்பயாச்சும் எல்லாத்தயும் வுட்டுட்டு எங்கனா போயிடலாம்னு தோணியிருக்குதாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒருநா, இவள வூட்டுல வுட்டுட்டு ஜங்ஷன் வரைக்கும் போயிட்டேம்மா. டிக்கெட்டு கூட..."

என்னை விட்டுவிட்டு ரயில் பார்க்கப் போயிருக்கிறாளா! அதை ஊராரிடம் வேறு சொல்கிறாளா! எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அரிக்குது!" என்று கத்திக்கொண்டு முழங்கையைப் பறண்டினேன். உண்மையில் அப்போது அரிக்கவே இல்லை. ரத்தம் வரும்வரை பறண்டினேன்.

அம்மா பேச்சை அப்படியே விட்டுவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க ஓடினாள். சத்தம் கேட்டு அத்தை உள்ளே வந்தாள். வந்தவள் வெளியே போகவேயில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, பாதி காலியான படிவத்தை மடித்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்றாள். கூட்டத்துக்கு வரச்சொல்லி யாரும் கடைசிவரை கூப்பிடவில்லை.

என்னைக் கூட்டிப்போகாமல் ரயில் பார்த்த குற்றத்துக்காக இரண்டு நாள் அம்மாவோடு நான் பேசவில்லை. ஜங்ஷனுக்கு எதற்குப் போனாள் என்றோ, டிக்கெட்டு வரைக்கும் போனவள் ஏன் திரும்பி வந்தாள் என்றோ கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.