இரண்டு பிக்கும் ஒரு முழங்காலும்

வாஷிங் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, பின்மூடியின் முதல் திருகாணியில் ஸ்க்ரூ ட்ரைவரை வைத்த பிறகுதான் சிஹாப்தீன் அந்தக் கேள்வியைக் கேட்பார். "மேடம், எந்த டீம்?" பதில் வராமல் ஆணி திரும்பாது. வேறு டீம் என்றால், "மெஷின் என்ன பாவம் செய்தது" என்று தமிழில் தனக்குள் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். தன்னுடைய டீம் என்றால் தொலைந்தது. அரைமணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகும். வீட்டுக்காரர் தேநீர் போட்டு, பிஸ்கட் வைத்து, கடைசியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரவேண்டும் என்று பொய் சொல்லி அனுப்பிவைக்க வேண்டியிருக்கும்.

ஐம்பது தாண்டிய மனிதர். கட்டையான உருவம், காதில் எப்போதும் ஒரு பென்சில். ரோவிலில் வீடு. மெல்பேர்ணின் கிழக்குப் பக்கமெல்லாம் அவருடைய வெள்ளை வான் வண்டி சுற்றும். பழுது பார்த்த மெஷினை ஓடவிட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல. வானின் பின்கதவில் கிளப்பின் ஸ்டிக்கர். எந்தக் கிளப் என்று இங்கே எழுதாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது. கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற இந்த நாட்டு ஃபுட்டி.

2005 அக்டோபரில் அவருக்கு இரண்டு சோதனைகள் ஒன்றாக வந்தன. ஒன்று ரமலான். மற்றது ட்ரேட் வாரம்.

ஃபுட்டி தெரியாதவர்களுக்கு: ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பதினெட்டு வயதுப் பையன்களைக் கிளப்புகள் முறை வைத்துத் தெரிவு செய்யும். அதுதான் டிராஃப்ட். அதில் ஒரு கிளப்புக்கு வருகிற ஒவ்வொரு முறைக்கும் பெயர் பிக். வேண்டுமென்றால் உன் பிக்கைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கிளப்பின் வளர்ந்த ஆட்டக்காரனை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிற வாரம் இது. சிஹாப்தீனின் கிளப் தன்னிடமிருந்த நல்ல பிக்குகள் இரண்டையும் கொடுத்து ஒரே ஓர் ஆளை வாங்கிவிட்டது. கோல் அடிப்பதில் சூரன். வயது இருபத்தொன்பது. வலது முழங்காலில் ஏற்கனவே கத்தி வைத்தாயிற்று.

செய்தி ரேடியோவில் வந்தபோது அவர் நோபிள் பார்க்கில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய், மெஷினை இழுத்து, ஆணியில் கருவியை வைத்தார். அந்த அம்மாவும் தன் டீம் என்று தெரிந்ததும் கொட்டித் தீர்த்தார். "ரெண்டு பிக், மேடம். ரெண்டு பிக் ஒரு முழங்காலுக்கு. இவங்களுக்கு மூளை இருக்கோ?" அந்த அம்மா தலையில் கைவைத்தார். மரணவீட்டுக்கு வந்தவருக்குப் போடுவதுபோல் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டார்.

அப்போது போன் அடித்தது. ஜெயரட்ணம்.

ஜெயரட்ணம் பஸ் ஓட்டுகிறவர், நண்பர், அவருக்கும் அதே கிளப்தான். கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தி, அடுத்த ஓட்டத்துக்கு முன் கிடைக்கிற இடைவேளையில் எடுத்திருந்தார். "என்ன ஐசே, நோன்புதானே?"

"ஓம்."

"நல்லது. அப்ப வாயைத் திறக்காமல் கேளும். எங்கட கிளப் செய்த வேலையைப் பாத்தீரோ?"

நோன்பு வைத்துக்கொண்டு வாய்ச்சண்டை பிடிக்கக்கூடாது என்று சிஹாப்தீனுக்குக் கண்டிப்பான கொள்கை. அது ஜெயரட்ணத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் ரமலான் மாதம் முழுக்க அவர் பகலில்தான் கூப்பிடுவார். "வளரப்போற ரெண்டு பெடியளைக் குடுத்திட்டு ஒரு நொண்டியை வாங்கியிருக்கிறாங்கள். ஆராவது பழைய மெஷினுக்கு ரெண்டு புது மெஷினைக் குடுப்பானோ? நீரே சொல்லும். சொல்லேலாது என்ன, நோன்பு. சரி, நானே சொல்லுறன்." சொன்னார். பஸ் புறப்படும் நேரம் வரும்வரை சொன்னார்.

சிஹாப்தீன் கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "நோன்பு திறந்தாப்போல எடுக்கிறன்."

பேரீச்சம்பழம், தண்ணீர், மஃரிப் தொழுகை, கஞ்சி. அதற்குப் பிறகு எடுத்தார். நோபிள் பார்க் அம்மாவிடம் பேசியதற்கு நேரெதிராகப் பேசினார். "பழைய மெஷின்தான் காணும் தோய்க்கும். புதுசு பாட்டுப் பாடும், லைட் அடிக்கும், தோய்க்காது. கோல் அடிக்க ஆள் வேணும். பதினெட்டு வயசுப் பெடியன் வந்து, வளந்து, எப்ப அடிக்கிறது?"

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நபீசா, கை ஈரத்தோடு வந்து கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். போன் வைத்த பிறகு கேட்டாள். "இஞ்சேருங்கோ, பின்னேரம் நீங்கள்தானே கிளப்காரர் எல்லாருக்கும் பைத்தியம் எண்டு சொன்னீங்கள்?"

"சொன்னனான்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை."

நபீசாவுக்கு அது புரிந்ததா தெரியாது. ஆனால் அது ஒன்றும் இல்லாத விஷயமல்ல.

எம்சிஜி மைதானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்தால் அதே சீட்டு. விட்டால் காத்திருக்கிற யாருக்கோ போய்விடும். அந்தத் தவணை வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்று பகல் போனை வைப்பதற்கு முன் ஜெயரட்ணம், சிரிக்காமல் சொல்லியிருந்தார். "இந்த முறை நான் சீட்டை விடுறன், சிஹாப். போதும். மனிசியும் சனிக்கிழமைகளில வீட்டில நிண்டால் புல்லெண்டாலும் வெட்டலாம் எண்டு சொல்லுறா."

அன்றிலிருந்து சிஹாப்தீனுக்கு வேலை ஓடவில்லை. ஒரு வீட்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயைச் சுடுதண்ணீர்ப் பைப்பில் பூட்டிவிட்டு வந்தார். ஒரு சின்னப் பெண்ணின் கம்பளிச் சட்டை பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிப்போனது. இன்னொரு வீட்டில் மெஷினை மூடி, வானில் ஏறி, பாதி வழியில் சட்டைப் பையைத் தடவினால் நான்கு திருகாணிகள். அவர் கணக்கு இதுதான்: நானும் இந்த வியாபாரம் பிழை என்று ஒப்புக்கொண்டால் வாதம் அன்றோடு சரி. வாதம் முடிந்தால் ஜெயரட்ணம் திங்கட்கிழமை சீட்டை விட்டுவிடுவார். வாதம் இருக்கிறவரைக்கும் மனிதர் போகமாட்டார், என்னை வெல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு சீட்டுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? இருவரும் யாழ்ப்பாணம். இங்கே வந்து, ஜெயரட்ணத்தின் பஸ்ஸில் சிஹாப்தீன் கிளப்பின் ஸ்கார்ஃபோடு ஏறிய நாளில்தான் பழக்கம். அங்கே இருவர் வீட்டுக்கும் இடையில் சைக்கிளில் பத்து நிமிடம்கூட இல்லை. 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இயக்கத்துக்காரர் ஆயுதத்தோடு வந்து அறிவித்தார்களே, அன்று சிஹாப்தீனும் நபீசாவும் கையில் ஒரு பையோடு நடந்தார்கள். ஜெயரட்ணம் ஊரில்தான் இருந்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மைதானத்துக்குப் போகிற வழியெல்லாம் ஃபுட்டி, வருகிற வழியெல்லாம் ஃபுட்டி. ஃபுட்டி இல்லாவிட்டால் அந்தக் காருக்குள் ஒரு கேள்விதான் மிஞ்சும். அண்டைக்கு நீர் எங்க நிண்டனீர்? சிஹாப்தீனுக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்வி தன்னை மீறி வாயிலிருந்து விழுந்துவிடுமோ என்கிற பயம்தான். பதில் எதுவானாலும் அதற்குப் பிறகு தனக்கு இந்த நண்பர் இருக்கமாட்டார் என்று அவர் நம்பினார்.

ஒவ்வொரு ரமலானிலும் ஒரு சனிக்கிழமை ஜெயரட்ணமும் அவர் மனைவி கல்யாணியும் நோன்பு திறக்க ரோவிலுக்கு வருவார்கள். இந்த முறை அது தவணைக்கு முந்திய சனிக்கிழமை. வருவார்களோ என்று அன்று காலையிலிருந்தே சிஹாப்தீன் ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தார். வந்தார்கள். கல்யாணி ஒரு பெட்டி வடையோடு குசினிக்குள் போனாள். ஜெயரட்ணம் ஆட்டக்காரனின் எக்ஸ்ரேயையே பார்த்துவிட்டவர்போல நடந்து வந்தார்.

"இன்னும் எத்தினை நிமிசம்?" என்று கேட்டார்.

"பொறும் காணும், பாங்கு சொல்லட்டும்."

ரேடியோவில் பாங்கு சொன்னது, பழம் கடித்தார்கள், சிஹாப்தீன் உள்ளே தொழுதுவிட்டு வந்தார். கஞ்சிக் கோப்பை ஆவி பறந்தது. ஜெயரட்ணம் தொடங்கினார். "அந்த முழங்காலுக்குள்ள இருக்கிறது எலும்பில்லை ஐசே, உம்மட மெஷினுக்குள்ள இருக்கிற பெல்ட். எப்ப அறும் எண்டு ஆருக்கும் தெரியாது."

"பெல்ட் அறுந்தா மாத்தலாம்."

"ஏப்ரல் மாசம் அறும், பாருமன். அப்ப எங்க மாத்திறது? பெடியளை எல்லாம் குடுத்தாச்சே."

"நீர் ஆட்டத்தைப் பாக்கிறனீரோ, பிறப்புச் சான்றிதழைப் பாக்கிறனீரோ?"

கல்யாணி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்கோ. கஞ்சிதான் ஆறிப்போகும், அந்தப் பெடியன்ர முழங்கால் ஆறாது."

நபீசா வடைத் தட்டோடு வந்தாள். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். "ஜெயரட்ணம் அண்ணை, இவரோட சண்டை பிடிக்காதேங்கோ. இவரும் உங்கட கட்சிதான். வேலைக்குப் போற வீடு வீடா அந்தக் கிளப்பைத் திட்டிக்கொண்டு திரியிறார்."

ஜெயரட்ணம் கரண்டியைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார். "மெய்யோ?"

பொய் சொல்லலாம். நோன்பு திறந்தாயிற்று, ஆனால் மாதம் முடியவில்லையே. "மெய்தான்," என்றார் சிஹாப்தீன். "ரெண்டு பிக் குடுத்தது பைத்தியக்காரத்தனம். நீர் சொன்னது முழுக்கச் சரி."

அவ்வளவுதான். அவர் இத்தனை நாளும் பயந்த அமைதி மேசைக்கு வந்து உட்கார்ந்தது. ஜெயரட்ணம் வடையைப் பிய்த்தார், தின்னவில்லை. திரும்ப ஒட்டவைக்கப் பார்ப்பவர்போல இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சிஹாப்," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "அக்டோபர் மாசம் வந்தா எனக்கு..."

சிஹாப்தீனுக்கு வேண்டாம் என்று கை காட்டவும் முடியவில்லை, சொல்லும் என்று சொல்லவும் முடியவில்லை. அவர் கஞ்சிக் கோப்பையையே பார்த்தார்.

ஜெயரட்ணம் அவருடைய முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"...எனக்கு வாறதெல்லாம் பிழையாத்தான் தெரியும்," என்று முடித்தார். "அதுக்காக அந்த முழங்காலை ஒரேயடியா அப்பிடிச் சொல்லவும் ஏலாது."

"என்ன?"

"இல்லை, நான் யோசிச்சுப் பாத்தனான். போன சீசன் ஆள் ஒரு ஆட்டமும் விடேல்லை. பதினெட்டு வயசுப் பெடியளெல்லாம் லொத்தர் சீட்டு மாதிரி. விழுந்தா விழும். இவன் கையில இருக்கிறவன்."

"நேற்றுவரைக்கும் நொண்டி எண்டீர்."

"நேற்று நீர் எனக்கு எதிர்ப்பக்கம் நிண்டனீர். இண்டைக்கு என்ர பக்கம் வந்திட்டீர். ரெண்டு பேரும் ஒரு பக்கம் இருந்தா தோணி கவிழுமெல்லோ?" ஜெயரட்ணம் வடைத் துண்டை இப்போதுதான் வாயில் போட்டார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. வடையில் மிளகாய் கூட என்றார். "திங்கட்கிழமை போன் பண்ணிச் சீட்டைப் புதுப்பிக்கிறன். அந்த முழங்கால் ஓடுறதைக் கிட்ட இருந்து காட்டினாத்தான் உமக்கு விளங்கும்."

"எனக்கு விளங்கப்படுத்திறதுக்கு ஒண்டுமில்லை. ரெண்டு பிக், காணும். ரெண்டு பிக்."

"முதல் பிக்கை விடும். ரெண்டாவது பிக்கை மட்டும் எடுத்துப் பாரும்."

சிஹாப்தீன் பதில் சொல்ல வாயெடுத்தார். மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினால் இந்த மனிதருக்கு ஏறாது என்று பட்டிருக்க வேண்டும். எழுந்தார். கஞ்சிக் கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் கதிரையை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய், ஜெயரட்ணத்தின் கதிரைக்குப் பக்கத்தில், கைப்பிடியும் கைப்பிடியும் முட்டும்படி போட்டார்.