சர்க்கரையைப் பூட்டி வைத்தேன்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இன்னொரு தொல்லை. பதினைந்து நாளைக்கு வாங்கிய ரேஷன் சர்க்கரையை நாலே நாளில் அள்ளித் தின்றுவிட்டார். பிள்ளைகளின் காபிக்குக்கூட மிச்சமில்லை.

"இன்னாய்யா இது, எறும்புக்காவது கொஞ்சம் வெக்கக்கூடாதா?" என்றேன்.

"குடிய வுட்டதுலேர்ந்து வாய் இனிப்பு கேக்குதே, நான் இன்னா பண்ண?" என்றார்.

அடுத்த தடவை வாங்கிய சர்க்கரையை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படியில் எதையோ தேடினார். பெட்டியில் பூட்டைப் பார்த்ததும் மறுபடி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். மந்தைவெளி சாராயக்கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஊட்ல நீ பூட்டி வெச்சிக்கினே. இங்க தொறந்து கீது" என்றார்.

அதிலிருந்து அவர் வந்ததும், பசியில் குடி நினைப்பு வரக்கூடாதென்று முதலில் சோறு போடுகிறேன், பிறகு ஒரு வெல்லக்கட்டி. சர்க்கரை டப்பா வெளியிலேயே இருக்கிறது. நேற்று அதுவும் காலி. திட்ட வாயெடுத்தேன். அவர் சட்டை ஆணியில் தொங்குவதைப் பார்த்தேன். சர்க்கரை போடாத காபியைக் குடித்தேன்.