ஆடி மாதத்தில் எடுத்த கல்யாணப் போட்டோ

எனக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருடம் கழித்துத்தான் கல்யாணப் போட்டோ எடுத்தோம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதும் இல்லை.

கல்யாணத்தன்று போட்டோவே எடுக்கவில்லை என்று சொல்லமுடியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா எங்கள் தெருவிலும் இருந்தார். பாரிசில் வாங்கிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, தாலி கட்டியதிலிருந்து பந்தியில் சாம்பார் ஊற்றியது வரை பளிச் பளிச்சென்று எடுத்துத் தள்ளினார். அந்தக் கேமராவுக்காகவே என் சின்ன மாமா மூன்று முறை சட்டை மாற்றினார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் உள்ளே பிலிம் சுற்றவே இல்லையாம். சொல்தா "பர்தோன், பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். பர்தோனை பிரேம் போட்டு மாட்டவா முடியும்?

என் வீட்டுக்காரர் எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர். மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது மஸ்கட்டுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். ஐந்து வயதில் அவள் அப்பாவைப் பார்த்து "வாங்க, உக்காருங்க, காபி சாப்புடறீங்களா" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த முறை அவர் போர்மேன் ஆகி வந்திருந்தார். போர்மேன் என்றால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம், குடும்ப விசா உண்டு. கல்யாண சர்டிபிகேட் கையில் இருந்தது. ஆனால் கம்பெனியில் பேப்பர் பார்க்கும் ஆள், "ஒரு கல்யாணப் போட்டோவும் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தான். எல்லாவற்றையும் லீவு முடிந்து போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தவறினால் இன்னும் இரண்டு வருடம். ஏழு வயதிலும் என் மகள் அவருக்குக் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இல்லாத போட்டோவுக்கு எங்கே போவது? ஸ்டூடியோவில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் என் மாமியார் குறுக்கே வந்தார். மில்லில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருடையது.

"ஆடி மாசத்துல யாராவது மாலை மாத்துவாங்களா?"

"போட்டோவுக்குத்தான அத்தே."

"போட்டோன்னா ஆடி இல்லன்னு ஆயிடுமா?"

"எம்மா, அங்க இருக்கறவனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது" என்றார் இவர்.

"அவனுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்ல?"

இவர் வந்ததும் ஆடியில், திரும்பிப் போவதும் ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப ஆவணி பொறந்ததும் எடுத்துக்கலாம். உங்க புள்ளைக்குப் பதிலா நீங்க வந்து மாலையப் போட்டுக்கிட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "ரசத்துல உப்பு இல்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று என் மகள் மூலமாகத் தகவல் வரும்.

நான்காம் நாள் கோயில் குருக்களிடம் போய் நியாயம் கேட்டிருக்கிறார். ஆடியில் கல்யாணம் கூடாது, ஆனால் நாடகத்தில் கல்யாணம் செய்தால் தோஷம் இல்லை என்றாராம். இந்த அம்மா எழுந்து போனால் போதும் என்றுதான் குருக்கள் சொல்லியிருப்பார். மாமியார் ஒரு நிபந்தனையோடு வீடு திரும்பினார். இது நாடகம் என்று சாமிக்கு ஐயமறத் தெரியவேண்டும்.

"புள்ளைய நடுவுல உக்கார வைங்க. பெத்த புள்ளைய வெச்சிக்கிட்டு யாரு கல்யாணம் பண்ணுவா? சாமிக்குப் பாத்ததுமே புரிஞ்சிடும்."

"விசா குடுக்கறவனுக்கும் புரிஞ்சிடும் அத்தே."

கடைசியில் இவர்தான் வழி கண்டுபிடித்தார். பிள்ளை நாற்காலிக்குப் பின்னால் உட்காரட்டும். சாமி மேலேயிருந்து பார்க்கும், கேமரா முன்னாலிருந்துதான் பார்க்கும். மாமியார் அரைமணி நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

நேரு வீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. பின்னால் அன்னமும் அரண்மனையும் வரைந்த திரை. கல்யாண ஜாக்கெட் எனக்குப் பாதி உடம்புக்குத்தான் வந்தது. முதுகுப் பக்கம் பின் குத்திப் புடவையால் மூடிக்கொண்டேன். மஸ்கட் தண்ணீரில் இவர் தலை முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது. அதைத் தலைப்பாகை காப்பாற்றியது. ஸ்டூடியோக்காரர் எங்களையும் பார்த்தார், நாற்காலிக்குப் பின்னால் பதுங்கிய மகளையும் பார்த்தார், விளக்கைப் போட்டார்.

விளக்குப் பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டார். ஸ்டூடியோக்காரர் கேமராவில் கை வைக்கும்போதெல்லாம் கூரையைப் பார்த்து, "நாடகம் சாமி, நாடகம்" என்று குரல் கொடுத்தார்.

"ஆயாவைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"நான் போயிட்டா சாமிக்கு யாரு சொல்றது?"

முதல் கல்யாணத்தில் பிறந்த வீட்டை நினைத்து முழுக்க அழுதுகொண்டிருந்தவள் நான். இந்த முறை சிரிப்பை அடக்கமுடியவில்லை. போட்டோ வந்தது, முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. எந்தக் கல்யாணப் பெண்ணும் அப்படி உட்கார்ந்திருக்கமாட்டாள். அதுகூடப் பரவாயில்லை. என் தோள்மேல் ஐந்து சின்ன விரல்கள், ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு. மறுநாள் இவருக்குப் பயணம், மறுபடி எடுக்க நேரமில்லை. இரண்டு பிரதி போட்டோம். ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பேப்பர் பார்க்கும் ஆள் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று கேட்டானாம். இவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்தாவில் தொடங்கி ஆடி மாதம், குருக்கள், தலைப்பாகை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார். அவன் பக்கத்து மேசைக்காரனையும் கூப்பிட்டு இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டானாம். பிறகு, "போட்டோ இருந்தா குடுன்னுதான் சொன்னேன், சர்டிபிகேட்டே போதும்" என்றானாம். படித்தபோது அந்தப் பாவி கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கு அடுத்த மாதம் ரிஜிஸ்டர் தபாலில் விசா வந்தது. நான் அடுக்களைக்கு ஓடிப்போய் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் செய்யாத காரியம்.

"எத்தினி வந்திருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு அத்தே. எனக்கும் புள்ளைக்கும்."

பெண்டாட்டி பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று மகன் முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். அவரும் தலையை ஆட்டியிருந்தார். புரிந்துதான் ஆட்டினார் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரியிலிருந்து மற்றப் பிரதியை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்தார்.

"கை மட்டும்தான தெரியுது. அதுக்கே குடுத்துட்டாங்க" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நானும் ஒரு ஓரமா நின்னிருக்கலாம்."